கள்ளிக்கு வெயில் ஆகாது

"ஜன்னல் பக்கம் பாத்து வைங்க! அங்க செடி இருக்கும், இடிச்சிடாதீங்க!"

படியேறிக்கொண்டே கிருஷ்ணப்பிரியா கத்தினாள். மூச்சு இரைத்தது. அவளுக்கு முன்னால் நான்கு ஆண்கள் ஐஸ் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடித் திருப்பத்தில் திணறிக்கொண்டிருந்தார்கள். பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லையாம். அதன் மூலை சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. முன்பக்கம் பிடித்திருந்தவன் சித்தி மகன் டில்லிபாபு. திரும்பிப் பார்க்க அவனுக்கு வழியில்லை.

"இன்னா செடிக்கா? காலைலருந்து நான் அங்கதான கீறேன். ஜன்னலாண்ட ஒண்ணும் இல்லியே," என்றான்.

யாரோ எடுத்து நகர்த்திவிட்டார்கள் என்று கிருஷ்ணாவுக்குக் கோபம் வந்தது. மொட்டு வைத்த நேரத்தில் அதை இடம் மாற்றினால் ஒன்றுகூட நிற்காது. அத்தனையும் உதிர்ந்துவிடும்.

பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் அழவில்லை. பக்கத்தில் கணவன் பாண்டியன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிந்தும் விடியாமல் போன் வந்தது. எதிர் வீட்டுப் பெண் நிவேதிதா பேசினாள். வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறது, அக்கா கதவைத் திறக்கவில்லை என்றாள். அக்கா குடியிருக்கும் அண்ணனூரிலேயே இருக்கும் சித்திக்குச் சொல்லி, டில்லிபாபு வந்து தாழ்ப்பாளை உடைத்து, டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லி முடித்தபோது கிருஷ்ணா இன்னும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டைத் தாண்டியிருக்கவில்லை.

அக்கா மோகனப்பிரியா கட்டிலில் படுத்திருந்தாள். தூங்குகிறவளின் முகம்தான். சித்தி கண்ணம்மா ஒரு வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாள்.

"வா கண்ணு. பாத்தியாடி உங்கக்காவ. ஒரு வாய்த் தண்ணி கேக்கலியே யார்கிட்டயும். இப்டி சொல்லாம கொள்ளாம பூட்டாளே!"

சித்தி கட்டிக்கொண்டு அழுதாள். சித்தியின் தோளுக்கு மேலாகக் கிருஷ்ணாவின் கண் ஹாலின் கிழக்கு ஜன்னலுக்குப் போனது. வெளிர்மஞ்சள் திரை தொங்கியது. அவளே தைத்துக் கொடுத்த திரை. ஜன்னல் திட்டில் ஒரு சீப்பும் தைலப் புட்டியும் மட்டும் இருந்தன.

"சித்தி, இங்க இருந்த செடிய யார் எடுத்தது?"

சித்திக்கு அழுகை நடுவில் நின்றுபோனது. "இன்னாது?"

"ஜன்னல்ல ஒரு கள்ளிச் செடி இருந்துச்சே, தொட்டியில."

"கள்ளியா? ஊட்டுக்குள்ளியா? நான் பாக்கலடி. இந்த நேரத்துல அத இன்னாத்துக்குக் கேக்கிற?"

நேற்று விளக்கு வைத்த பிறகு போனில் அக்கா பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

"மொட்டு எப்படி இருக்கு?"

"இருக்கு. நுனி சேப்பு கட்டியிருக்கு."

"தொடாத. திருப்பி வெக்காத. எந்தப் பக்கம் பாத்துகினு இருக்கோ அப்படியே விடு."

"தெரியும்டி. நான் ஏன் தொடப்போறேன்."

கடைசிப் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. போனை வை என்றாள் அக்கா, இவள் வைத்தாள்.

பெட்டியை ஹாலின் நடுவில் இறக்கி, ஒயரை இழுத்துச் செருகினார்கள். பெண்கள் மோகனாவைக் குளிப்பாட்டி, பச்சைப் பட்டு உடுத்தினார்கள். கன்னியாகப் போனவள், பூவும் பொட்டுமாக அனுப்ப வேண்டும் என்று சித்தி பிடிவாதமாக நின்றாள். கிருஷ்ணா அக்காவின் தலையைச் சீவிப் பின்னலிட்டாள். முன் நெற்றியில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை அவள் கவனித்ததே இல்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது சாயம் பூசியிருந்தாளோ என்னவோ. பின்னிக்கொண்டிருக்கும்போதும் அவள் மனம் செடியைத் தேடிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் இல்லை. குளிக்கப் போகும் சாக்கில் குளியலறை ஜன்னலைப் பார்த்தாள். ஈரப்பதத்துக்காகச் சிலர் அங்கேயும் வைப்பார்கள். அங்கும் இல்லை.

அந்தச் செடியை அவள்தான் கொடுத்தாள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நர்சரி ஒன்றில் கிறிஸ்துமஸ் கள்ளி என்று சொல்லி விற்றதை வாங்கி வந்து, கள்ளிதானே, காய்ந்தால்தான் வளரும் என்று மொட்டைமாடியில் வைத்து, அது செம்பு நிறத்துக்கு மாறித் துவண்டபோது பதறி, போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இது பாலைவனத்துக் கள்ளி இல்லை. மழைக்காட்டில் மரக்கிளை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு வளர்வது. நேர் வெயில் ஆகாது, நிழலும் வெளிச்சமும் கலந்த இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, ஆனால் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். மண்ணோடு தேங்காய் நாரும் கரித்துண்டும் கலக்க வேண்டும். கார்த்திகை வந்ததும் அந்தி சாய்ந்தபின் விளக்கு வெளிச்சம் படாமல் வைத்தால்தான் மொட்டு விடும். இதையெல்லாம் படித்து, செய்து, தவறி, மறுபடி செய்து, ஒரு வருஷம் கழித்து அது முதல் தடவை பூத்தபோது வீட்டில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பாண்டியன் "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுத் திருமழிசைக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் பிளாஸ்டிக் பூவா என்று தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த வருஷம்தான் அம்மா இறந்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவை மோகனாதான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை, வீடு, அம்மா. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் அம்மாவைக் காட்டித் திருப்பி அனுப்பினாள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவள் ஒருத்தி. தினமும் சாயங்காலம் தங்கைக்குப் போன் போடுவாள். சாப்ட்டியா. சாப்ட்டேன். நீ? ஆச்சு. அப்புறம்? அப்புறம் என்ன. அதற்குமேல் போகாது. கல்யாணம், அம்மா, வீடு என்று எதைத் தொட்டாலும் எங்கோ ஒரு இடத்தில் வலித்தது. இருவரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருத்தி "சரி, வெக்கிறேன்" என்பாள்.

ஒருநாள் கிருஷ்ணா தன் செடியில் இரண்டு கிளைகளைக் கணுவில் திருகி எடுத்து, வெட்டிய இடம் காயட்டும் என்று வைத்திருந்து, நீல நிறப் பீங்கான் தொட்டியில் நட்டு, அக்கா வந்தபோது மடியில் வைத்து அனுப்பினாள். பின்னாலேயே திரையைத் தைத்துப் பாண்டியனிடம் கொடுத்தனுப்பினாள். அதன்பிறகு போனில் பேச்சு வந்தது.

"துளிர் விட்டிருக்குடி, சின்னதா, கிளி மூக்கு மாதிரி."

"நடுவுல ஒரு இலை சுருங்கிக் கீது. தண்ணி பத்தலியா, அதிகமா?"

"மண்ணுல வெரல வுட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து."

இரண்டு பேரும் சிரித்துக்கூடப் பேசினார்கள். தையல் மெஷினில் காலை வைத்தபடி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கிருஷ்ணா செடிக்கு வைத்தியம் சொல்வாள். மாவுப்பூச்சி வந்தபோது வேப்பெண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொன்னாள். மறுநாள் அக்கா, "தொடச்சேன், போயிடுச்சு" என்றாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்!

துவைக்கிற இடத்தில் பக்கெட் எடுக்கப் போனபோதுதான் கிருஷ்ணா அந்தத் தொட்டியைப் பார்த்தாள். வாஷிங் மெஷின் மேல் இருந்தது. அதே நீலம், விளிம்பில் அதே கீறல். உள்ளே மண் இல்லை. துணி காயப்போடுகிற கிளிப்புகள் நிறைந்திருந்தன. ஓரத்தில் ஒரு நூல்கண்டு.

அவள் தொட்டியைக் கையில் எடுத்தாள். அடித்துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா, பால் காய்ச்சியிருக்கேன், ஒரு வாய் குடிங்க." நிவேதிதா டம்ளரோடு பின்னால் நின்றாள். திருச்சிப் பக்கத்துப் பெண். ஐ.டி. கம்பெனியில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அவள்தான் காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு செடி இருந்துச்சேம்மா."

"ஆமாக்கா. கள்ளி மாதிரி, தட்டை தட்டையா. பாவம், அது போயிடுச்சே."

"எப்ப?"

"போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தின மழையில. ரெண்டு நாள் கரண்ட் இல்லாம இருந்துச்சே, அப்போ. ஜன்னல் வழியா சாரல் அடிச்சு தொட்டியில தண்ணி நின்னுடுச்சு. அக்கா கம்பெனியிலயே மாட்டிக்கிட்டாங்க, வீட்டுக்கு வர முடியல. வந்து பாத்தா அடியில கொழகொழன்னு ஆயிடுச்சு. நான்தான் கூட நின்னு எடுத்துப் போட்டேன். வேற வாங்கிக்கலாம்க்கான்னு சொன்னேன். வேணாம், தங்கச்சி குடுத்தது, அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்க."

கிருஷ்ணா பாலை வாங்கிக்கொண்டாள். குடித்தாளா, வைத்தாளா என்று பிறகு அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஹாலில் வந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அக்காவின் முகம் பனி படிந்து மங்கலாகத் தெரிந்தது. சித்தி அவ்வப்போது ஒரு துண்டால் கண்ணாடியைத் துடைத்தாள். அண்ணனூர்ப் பழைய சொந்தங்கள் கூட்டம் கூட்டமாக வந்து மாலை வைத்துவிட்டு, கிருஷ்ணாவின் கையைத் தொட்டுவிட்டு, கீழே பந்தலில் போய் உட்கார்ந்தார்கள். எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. அதற்கு முந்தின மழை. அப்படியென்றால் ஒரு வருஷத்துக்கு மேல். இல்லாத செடிக்குப் பூச்சி வந்து, இல்லாத பூச்சியைத் துடைத்திருக்கிறாள். வேப்பெண்ணெய் வாசம் வீடெல்லாம் அடிக்கிறது என்று சிரித்தாளே. கோடையில் இலை சிவக்கிறது என்று சொன்னபோது, திரையை இரட்டையாக மடித்துப் போடு என்று இவள் எவ்வளவு கவலையாகச் சொன்னாள். போட்டோ அனுப்பு என்று ஒருமுறை கேட்டதற்கு, என் பட்டன் போனில் அதெல்லாம் எங்கே வரும் என்றாள். இவள் வாங்கிக் கொடுத்த பெரிய போன் பீரோவிலேயே கிடந்தது.

பெட்டியைத் தட்டி எழுப்பிக் கேட்கலாம் போல இருந்தது. என்னை முட்டாளாக்கினியா நீ? சொல்லியிருந்தால் இன்னொரு துண்டு ஒடித்துக் கொடுத்திருக்க மாட்டேனா? ஒரு கணுவுக்கு என்ன வந்துவிட்டது?

கோபத்தில்தான் அவளுக்கு முதல் தடவையாகக் கண்ணீர் வந்தது. சித்தி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழு கண்ணு, அழுதுடு," என்றாள்.

அழுதுகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக இவள் இங்கே வரவே இல்லை. வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், "நீ ஏன் ரெண்டு பஸ் மாறி அலையிற, நானே வரேன்" என்று மோகனா புறப்பட்டு வந்துவிடுவாள். வந்தால் முதலில் பால்கனியில் இருக்கும் செடிகிட்டேதான் போவாள். குனிந்து பார்ப்பாள், கணுக்களை விரலால் தடவுவாள், தொட்டியைச் சுற்றி வந்து அடிப்பக்கம் பார்ப்பாள். தன் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று கிருஷ்ணா நினைத்துக்கொண்டிருந்தாள். கிளி மூக்குத் துளிர் இங்கே வந்த மறுவாரம்தான் அங்கேயும் வந்தது. இங்கே ஒரு கிளை ஒடிந்தது, அங்கேயும் ஒடிந்தது. போன வாரம் பொங்கலுக்கு வந்தபோது பால்கனிச் செடியில் மொட்டுகள் நுனி சிவந்து நின்றன. அக்கா வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். "அழகா கீதுடி," என்றாள். இரண்டு நாள் கழித்துப் போனில், "இங்கயும் வெச்சிடுச்சு," என்றாள்.

ஒரு வருஷமாகத் தன் செடியைப் பற்றித்தான் அக்கா வாயால் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது கிருஷ்ணாவுக்கு மெல்லப் புரிந்தது. அவள் சித்தியின் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் மறுபடி பனி படிந்திருந்தது. துண்டை வாங்கி அவளே துடைத்தாள்.

மதியம் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீலச் சட்டையோடு ஐந்தாறு பேர், சீருடையை மாற்றாமல் நேராக வந்திருந்தார்கள். எல்லோரும் மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க, வயதில் மூத்தவர் ஒருவர் மட்டும் கிருஷ்ணா பக்கத்தில் வந்தார்.

"நான் லட்சுமணன்மா. ஸ்டோர்ஸ்ல மேடம் கூட. நீங்க பூந்தமல்லி தங்கச்சிதான?"

"ஆமாங்க."

"செடி குடுத்தது நீங்கதான?"

கிருஷ்ணா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ டைம்ல அதான்மா பேச்சே. நாங்க இன்னா பேசுவோம், ஓவர்டைம், போனஸ், மேனேஜர். மேடம் மட்டும் செடியப் பத்தி சொல்லுவாங்க. கள்ளிக்கு வெயில் ஆகாதாம், கேட்டீங்களாய்யான்னு. அதிசயமா இருக்கும். லீவே போட மாட்டாங்க. இந்தத் தடவ பூத்தா ஒருநாள் லீவு போட்டு ஊட்டுல ஒக்காந்து பாக்கப் போறேன்னு முந்தாநேத்து கூட சொன்னாங்க." அவர் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "எங்கம்மா அது?"

நிவேதிதா சமையலறை வாசலில் தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தாள். அவள் கிருஷ்ணாவைப் பார்த்தாள்.

"மொட்டு வெச்சிருக்குங்க," என்றாள் கிருஷ்ணா. அவள் குரல் அவளுக்கே நிதானமாகக் கேட்டது. "கூட்டத்துல இடிபட்டா உதிர்ந்துடும். அதான் எடுத்து உள்ள வெச்சிருக்கோம்."

"நல்லதும்மா, நல்லது. எத்தினி மொட்டு?"

"நெறைய. நுனி மட்டும் சேப்பா இருக்கு. இன்னும் நாலு நாள்ல விரிஞ்சிடும்."

"கலரு இன்னா, ரோஸா?"

"ரோஸ்தான். உள்ள வெள்ளையா இருக்கும். இதழ் பின்னால மடிஞ்சு, பாக்கறதுக்குப் பூவுக்குள்ள இன்னொரு பூ வெச்ச மாதிரி."

லட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார், அதைப் பார்க்கிறவர்போல. "எனக்கு ஒரு துண்டு தரேன்னு சொல்லிகினே இருந்தாங்க. கணு முத்தட்டும், முத்தட்டும்னு. இப்ப கேக்கக் கூடாது. மனசுல வெச்சிக்காதீங்கம்மா."

"தரேங்க. பூ முடிஞ்சதும்தான் வெட்டணும். நானே கொண்டாந்து தரேன்."

நிவேதிதா வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது கிருஷ்ணாவின் தோளில் ஒருகணம் கை வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் இறங்கத் தொடங்கியதும் எடுத்தார்கள். வாய்க்கரிசி போட்டபோது கிருஷ்ணாவின் கையிலிருந்து அரிசி பாதி தரையில் சிதறியது. டில்லிபாபுதான் கொள்ளி வைக்கிறான் என்று பேசி முடித்திருந்தார்கள். பெரியம்மா மகள் என்றாலும் கூடப் பிறந்தவள்போல என்று அவன் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் கிடத்தி, படிகளில் இறக்கியபோது நடுத் திருப்பத்தில் பாடையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நொடி மோகனா நின்றுகொண்டே இறங்குவதுபோல இருந்தது. கிருஷ்ணா தெரு முனைவரை நடந்தாள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. வண்டி திரும்பும்போது பாண்டியன் பின்கதவுப் பக்கம் நின்று அவளைப் பார்த்தான். போ, உள்ளே போ என்று கையால் சொன்னான்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். சித்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, கிருஷ்ணா துடைப்பத்தால் தள்ளினாள். மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கியும் சிதறிய அரிசியும் பால்கனித் துளை வழியாகப் போயின. குளித்துவிட்டு வந்து, அக்கா இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள். நிவேதிதா ஒரு பாத்திரத்தில் சாதமும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். உடனே போகவில்லை. கதவோரம் நின்றாள்.

"அக்கா, நான் காலையில அதச் சொல்லியிருக்கக் கூடாதோ? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"சொல்லலேன்னா இன்னும் தேடிகினே இருந்திருப்பேன்."

"ஏன்க்கா உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள் கிருஷ்ணா.

"இல்லக்கா. இனிமேதான்."

"போய் சாப்புடு. காலைலருந்து நிக்கிற."

சித்தி ரசத்தைக் குடித்துவிட்டுப் படுக்கையறைத் தரையிலேயே தலைக்குக் கையை வைத்துச் சாய்ந்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. கழுவிய தரை காயாமல் குளிர்ந்து கிடந்தது. நாற்காலிகள் எல்லாம் கீழே பந்தலில் இருந்தன. ஒன்று மட்டும் ஜன்னலோரம் இருந்தது, பிரம்பு பின்னிய பழைய நாற்காலி. கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

கிருஷ்ணா அதில் உட்கார்ந்தாள். இங்கே உட்கார்ந்துதான் அக்கா பேசியிருக்க வேண்டும். இடது கையில் போன், வலது கை இந்தக் கைப்பிடிமேல். திட்டு காலியாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நுனி சிவந்திருக்கிறது என்று சொல்லியிருக்க முடியாது. வேறெதையோ பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள்.

அவள் திரையை விலக்கினாள்.

மதில் சுவர், அதற்கு அப்பால் புதர், புதருக்கு அப்பால் தண்டவாளங்கள். இன்னும் முழுசாக இருட்டவில்லை. வேலை முடிந்த மின்சார ரயில் ஒன்று, ரயில்களை நிறுத்திவைக்கும் ஷெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மனிதன் நடக்கிற வேகம்தான். பெட்டிக்குப் பெட்டி விளக்குகள் எரிந்தன. கதவுகள் திறந்து கிடந்தன. மேலே கைப்பிடி வளையங்கள் எல்லாம் ஒன்றுபோல ஆடிக்கொண்டு போயின. வரிசை வரிசையாக விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. இருக்கைகளில் யாரும் இல்லை.

கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கலாம் என்று கைப்பிடியில் கை ஊன்றினாள். அடுத்த ரயில் வந்தது.